ராஜேஸ்வரி தோற்ற மாதம்

9, திங்கள்

வெயில் பிடித்துக்கொண்டது. மாவு நான்கு மணி நேரத்திலேயே பொங்கி மூடியைத் தள்ளுகிறது. நாளையிலிருந்து ஐஸ் தண்ணீர் விட்டுத்தான் அரைக்க வேண்டும். பால் கடையில் ஐஸ் சொல்லிவைத்தாயிற்று.

பிரச்சாரம் முடிய இன்னும் ஒரு நாள். தொண்டை கட்டிவிட்டது. ஒன்பதாவது வார்டில் நிற்பவர்கள்:

ராஜேஸ்வரி. இரண்டு முறை ஜெயித்த கவுன்சிலர். முழுப்பெயர் எழுதிக் கை வலிப்பானேன், இனி ரா.

சுகன்யா. கோயிலுக்கென்று கொடி பிடிக்கும் பேரவைக்காரர்கள் நிறுத்திய பெண். முதல் முறை. இனி சு.

நான். மும்தாஜ், இட்லி மாவு வியாபாரம், சுயேச்சை. கிரைண்டர் சின்னம் கேட்டேன், பட்டியலிலேயே இல்லையாம். மேசை விளக்கு கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் மேசையும் கிடையாது, அதன்மேல் வைக்க விளக்கும் கிடையாது.

நான் நிற்பது ஜெயிக்க அல்ல. ரா. தோற்பதற்கு. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் தொட்டித் தெரு முழுக்கத் தெரியும்.

மாலையில் ஜாகிர் வந்தான், கடையை அப்படியே போட்டுவிட்டு. என் தம்பி. கோயில் வீதி முக்கில், பேரூராட்சிக் கடையில் பன்னிரண்டு வருஷமாகக் கோழிக்கறி விற்கிறான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. ராஜேஸ்வரியம்மாவுக்கே போடுங்கன்னு தெருவுல சொல்லிரு."

"அவளுக்கா? எட்டு மாசமா நான் எங்க போயித் தண்ணி தூக்கறேன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும். பேரவை நோட்டீஸ் பாத்தியா? மூணாவது வாக்குறுதியே என்ற கடைதான்."

பார்த்தேன். 'கோயில் வீதியில் கறிக்கடை எதற்கு? அகற்றுவோம்.' அந்த வீதியில் கறிக்கடை இவனுடையது மட்டும்தான். கடை ஒப்பந்தமும் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டும்.

"அவங்கல்லாம் ஜெயிக்க மாட்டாங்கடா" என்றேன். நம்பித்தான் சொன்னேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஆறிப்போன டீயை நானே குடித்தேன்.

10, செவ்வாய்

பிரச்சாரம் முடிந்தது. அப்பாடா.

ரா. மேல் எனக்கு என்னென்ன கோபம்? எழுதிவைத்தால் மனது கொஞ்சம் ஆறும்.

1. குழாய். தொட்டித் தெருவில் முப்பது வருஷமாக இருந்த ஆற்றுத் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போய் அரிசி ஆலை முக்கில் நட்டாள். அங்கேதான் அவள் அண்ணன் வீடு. 'பிரஷர் இல்லை' என்று காரணம். எங்களுக்கு ஆறு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர், அதுவும் அரை மைல் நடை. நான் மாவு ஆட்டுகிறவள். ஒரு நாளைக்கு எனக்கு எத்தனை குடம் வேண்டும்?

2. அத்தா மவுத்தானபோது கொடுத்த இறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை. அதைத் திருத்த ஒரு கையெழுத்துக்கு நான்கு தடவை அலையவிட்டாள். நான்காவது தடவை, 'இன்னிக்குப் பேனா எடுத்துட்டு வரலயே' என்றாள்.

3. ஞாயிறுதோறும் ஜாகிர் கடையிலிருந்து ஈரல். கேட்டு வாங்குவதில்லை, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வாள்.

4. வார்டு கூட்டத்தில் நான் குழாய் விஷயத்தை எழுப்பியபோது சொன்னது: "மாவாட்டறவங்களுக்கெல்லாம் பைப் எங்க போகோணும்னு தெரிஞ்சுபோச்சாட்ட இருக்குது." எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்வியும் சிரித்தாள். பிறகு செல்வி அதற்கு மன்னிப்புக் கேட்டாள். ரா. கேட்கவில்லை.

5. அப்போது ரா. சிரித்த அந்தச் சிரிப்பு.

நாலாவதுக்காகத்தான் நின்றேன். குழாய்க்காக என்று மற்றவர்களிடம் சொல்வது பாதிப் பொய். அரிசி ஆலை முக்கில், வரிசையில், காலிக் குடத்தோடு செல்விதான் முதலில் சொன்னாள். "நீயே நில்லு மும்தாஜு. அவளுக்கு ஒரு பாடம்." அங்கேயே ஏழெட்டுப் பெண்கள் கை தட்டினார்கள். செல்வியே என்னை முன்மொழிந்து கையெழுத்தும் போட்டாள். காலையில் மாவு பாக்கெட் போட உதவிக்கு வருபவளும் அவள்தான்.

ஜமாஅத் செயலாளர் கூப்பிட்டுச் சொன்னார், "ஓட்டுப் பிரியும்மா. வேண்டாம்." அவர் வீட்டில் போர்வெல் போட்டிருக்கிறது. குடம் தூக்காதவர் சொல்லை எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

12, வியாழன்

ஓட்டுப்பதிவு. நடுநிலைப் பள்ளியில். மாவு இன்று பாதிதான் அரைத்தேன்.

வெளியே பந்தலில் சு. நின்றிருந்தாள். வெள்ளைச் சுடிதார், கையில் வாக்காளர் பட்டியல். சின்ன வயதில் தூக்குவாளி எடுத்துக்கொண்டு மாவு வாங்க வருவாள். ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவேன். இப்போது எம்.காம்.

"வாங்கக்கா. வெயில்ல நிக்காதீங்க, இப்புடி நெழலுக்கு வாங்க." மோர் கொடுத்தாள். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. அவளுக்குப் பின்னால் நின்ற பேரவை ஆட்கள் என்னைப் பார்த்த பார்வை வேறு. அதில் ஒருவன் செல்போனில் என்னைப் படம் எடுத்தான். எதற்கு?

ரா. காரில் வந்து இறங்கினாள். கால் வீங்கியிருந்தது, நொண்டினாள். என்னைப் பார்த்ததும், "ஏ மும்தாஜு, உன்ற ஓட்டாவது உனக்கு உழுகுமா?" என்றாள். அதே சிரிப்பு.

உள்ளே போய் மேசை விளக்கை ஓங்கி அழுத்தினேன். பீப் சத்தம் நிற்கும்வரை விரலை எடுக்கவில்லை.

13, வெள்ளி

ஒன்றும் இல்லை. ஜுமுஆ தொழுகை முடிந்து வந்தவர்கள் யாரும் என்னிடம் தேர்தல் பேசவில்லை. நல்லதா கெட்டதா தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் லாரியோடு நாக்பூர் தாண்டியிருக்கிறார், முட்டை லோடு. போனில், "தோத்தா அழுவாத, ஜெயிச்சா ஆடாத" என்றார். அவருக்கு எல்லாமே அந்த அளவுதான். டயர் வெடித்தாலும் இதே குரல்.

நாளை எண்ணிக்கை. ரவை, சர்க்கரை, முந்திரி வாங்கிவைத்தேன். எதற்கு என்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

14, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை பத்தரைக்குச் செல்வி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. "ராஜேஸ்வரி தோத்துட்டா! மும்தாஜு, தோத்தேபோயிட்டா!"

நான் கத்தினேன். என் வயதுக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அடுப்பில் நெய்யை ஊற்றிக் கேசரி கிண்டினேன். வாழை இலைத் துண்டில் வைத்து, தெருவில் எதிர்ச்சாரி முழுக்கக் கொடுத்தேன். பதினேழு வீடு. எத்தனை நாள் ஆயிற்று இவ்வளவு சந்தோஷமாக இருந்து! பேனா எடுத்து வராதவள், ஈரல் தின்றவள், என்னை மாவாட்டுகிறவள் என்றவள். நன்றாக வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

பதினெட்டாவது வீடு ஜாகிருடையது. வாசலில் நின்றுகொண்டிருந்தான். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவன் கடை சாத்தி நான் பார்த்ததில்லை.

"யாரு ஜெயிச்சதுக்கா?" என்று கேட்டான்.

நான் கேட்கவே இல்லை. செல்வி சொன்னதைக் கேட்டேன், தோற்றது யார் என்று கேட்டேன், கேசரி கிண்டினேன். ஜெயித்தது யார் என்று கேட்கத் தோன்றவேயில்லை.

"சுகன்யா" என்று அவனே சொன்னான். "நாப்பத்தியொரு ஓட்டு வித்தியாசம். உனக்கு எழுபத்திநாலு."

கேசரியை வாங்கிக்கொண்டான். இலையோடு உள்ளே எடுத்துப் போனான். திட்டியிருந்தால் தேவலை.

பன்னிரண்டு மணிக்குப் பேரவை ஊர்வலம். எங்கள் தெருவுக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை, வந்தார்கள். பள்ளிவாசல் வாசலில் நின்று பத்து நிமிஷம் வெடி. ஜாகிர் மனைவி கதவைச் சாத்தினாள். நான் சாத்தவில்லை, நின்றேன். சு. ஜீப்பில் மாலையோடு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மிச்சக் கேசரி பாத்திரத்தில் கெட்டித்துக் கிடக்கிறது.

15, ஞாயிறு

மாவு வாங்க வந்தவர்கள் வழக்கம்போல். எண்ணிக்கொண்டே இருந்தேன், யார் வரவில்லை என்று. மூன்று வீடு வரவில்லை. ஒருவேளை பூரி போடுகிறார்களோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமைதானே.

எழுபத்திநான்கு யார் யார் என்று உட்கார்ந்து எண்ணினேன். பின்தெருப் பெண்கள், ஏறக்குறைய முப்பது. குழாய் வரிசையில் நிற்கும் அக்காமார்கள், பதினைந்து. எங்கள் சொந்தம். மிச்சம் யாரென்று தெரியவில்லை, ரா.வைப் பிடிக்காத யாரோ. நான் நிற்காவிட்டால் இதில் எத்தனை பேர் சு.வுக்குப் போட்டிருப்பார்கள்? பத்து? மீதி எல்லாம், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது, ரா.வுக்குத்தான். நாற்பத்தியொன்று எம்மாத்திரம்.

செல்வியிடம் கேட்டேன். பாக்கெட்டுக்கு ரப்பர் போட்டுக்கொண்டே சொன்னாள், "நீ நிக்காட்டி நான் ராஜேஸ்வரிக்குத்தான் குத்தியிருப்பேன். வேற யாருக்குப் போடறது?"

"அப்பறம் எதுக்குடி என்னை நிக்கச் சொன்னே?"

"எனக்கென்ன தெரியும், இப்புடி ஆகும்னு. கொறஞ்ச ஓட்டுல ஜெயிச்சு அவளுக்குப் புத்தி வரும்னு நெனச்சேன்."

ரா. தோற்க வேண்டும் என்று ஒன்பதாம் தேதி எழுதினேனே தவிர, உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் கொஞ்சம் தடுமாறி ஜெயிக்க வேண்டும், பயந்துபோய்க் குழாயை நகர்த்த வேண்டும். அதற்காகத்தான் எல்லாமே. எங்கள் கணக்கில் ரா. தோற்பதே இல்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு மாரியம்மன் பண்டிகையின்போது, இதே பேரவை ஆட்கள் கொடியோடு ஜாகிர் கடை முன்னால் வந்து ஷட்டரை இழுத்து மூடினார்கள். ரா. வந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "எவன்டா அது என்ற வார்டுல வந்து ஷட்டர் இழுக்கறவன்?" என்று கேட்ட கேள்வியில் வீதியே அடங்கிற்று. அந்த ஞாயிறு இரண்டு மடங்கு ஈரல் எடுத்துக்கொண்டாள், அது வேறு. பத்தாம் தேதி பட்டியல் போட்டபோது இது எனக்கு ஞாபகம் இருந்தது. எழுதவில்லை.

17, செவ்வாய்

பதவியேற்பு. போகவில்லை. உளுந்து இந்த மூட்டை மோசம், நுரையே வரவில்லை. மாற்றச் சொல்ல வேண்டும்.

18, புதன்

மத்தியானம் சு. தனியாக வந்தாள், ஸ்கூட்டியில். மாவு ஒரு கிலோ கேட்டாள். ஊற்றினேன். கூடுதல் கரண்டி ஊற்றவில்லை. அவள் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

"அக்கா, உங்க தெருக் குழாயை இந்த மாசமே திரும்பக் கொண்டாந்துருவேன். இன்ஜினியர்கிட்டப் பேசிட்டேன்."

எட்டு மாதமாக நான் எதைக் கேட்டுக் கத்தினேனோ அதை, பதவியேற்ற மறுநாள், என் வாசலில் நின்று சொல்கிறாள். நன்றி சொல்லியிருக்க வேண்டும். "ஜாகிர் கடை?" என்றேன்.

முகம் மாறவில்லை. "உங்க மேலயோ தம்பி மேலயோ எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. கோயில் வீதியில கறிக்கடை வேண்டாங்கறது ஊரோட முடிவு. சந்தைத் திடல்ல பின்னாடி எடம் தரோம்."

"அங்க ரோடே இல்லையே சாமி. தண்ணி, கரண்ட் எதுவும் இல்ல."

"வரும்ங்கக்கா. எல்லாம் படிப்படியா."

"நீ கோழி சாப்பிடுவியே. எத்தன ஞாயித்துக்கெழம உங்கப்பாரு அவங்கிட்ட வாங்கியிருக்காரு."

"இப்பவும் வாங்குவோம்ங்க. எடம்தான் வேற." கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ரா.வாக இருந்தால் நான் கத்தியிருப்பேன், அவளும் கத்தியிருப்பாள், தெரு கூடியிருக்கும். இந்தப் பெண்ணிடம் எங்கே பிடித்துச் சண்டை போடுவது என்றே தெரியவில்லை. கை ஜில்லென்று இருந்தது. ஐஸ் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மன்றக் கூட்டம். தீர்மானம் இருக்கிறதாம்: கோயில் வீதி பேரூராட்சிக் கடைகளில் இறைச்சி விற்பனைக்கு ஒப்பந்தம் புதுப்பிப்பதில்லை.

20, வெள்ளி

ரா. வீட்டுக்குப் போனேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஜாகிருக்குச் சொல்லவில்லை. செல்வியிடமும் சொல்லவில்லை. இரண்டு கிலோ மாவு எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு எப்படிப் போவது?

முன் அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தாள். பதவி போயிற்று, கட்சி ஆபீஸ் கூட்டம் போயிற்று, டிவி சத்தம் கேட்கிறது, ஒரு வேலையும் கிடையாது. இருந்தும் காக்கவைத்தாள். எழுந்து போய்விடலாமென்று இரண்டு தடவை செருப்பு வரை வந்தேன். பிறகு ஜாகிர் கேசரியை வாங்கிக்கொண்டு உள்ளே போனது ஞாபகம் வந்தது. உட்கார்ந்தேன்.

வந்தாள். கால் இன்னும் வீக்கம். வெந்நீர் டப்பில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வாங்க வேட்பாளரம்மா. கேசரி நல்லா இருந்துச்சாமா? எனக்கு மட்டும் வல்லீங்க."

யாரோ சொல்லியிருக்கிறார்கள். பதினேழு வீட்டில் யார்? முகம் எரிந்தது.

"தம்பி கடை விஷயமா வந்தேங்க."

"தெரியும். வேறெதுக்கு வருவே? நான் இருக்கறப்ப பைப்பு பைப்புன்னு கத்துனியே, கடையப் பத்தி ஒரு வார்த்த கேட்டியா? கேக்க வேண்டிய அவசியமே இருந்ததில்ல. ஏன்? நான் இருந்தேன்."

"ஈரலும் போச்சுங்க உங்களுக்கு."

நாக்கு அடங்குகிறதா பாருங்கள். உதவி கேட்கப் போன இடத்தில். என்னை வெளியே தள்ளுவாள் என்று நினைத்தேன். ரா. சிரித்தாள். வயிறு குலுங்கிச் சிரித்தாள். கால் டப்பிலிருந்து தண்ணீர் தரையில் தெறித்தது.

பிறகு போனை எடுத்தாள். எனக்கெதிரிலேயே அவள் கட்சிக் கவுன்சிலர்கள் ஆறு பேருக்கும் பேசினாள். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு குரல். ஒருவரிடம் கெஞ்சல், ஒருவரிடம் கேலி. ஒருவரிடம், "ஏனுங்க மணி, திங்கக்கெழம நீங்க கைய மாத்தித் தூக்குனீங்கன்னா உங்க சம்சாரத்துக்கு நான் என்ன சொல்லோணுமோ அதச் சொல்லிருவேன், பாத்துக்குங்க." அசிங்கமான பேச்சுதான். உட்கார்ந்து கேட்டேன். நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்னும் வெட்கம்.

சுயேச்சை ஒருத்தரையும் பிடித்தாள். போனை வைத்துவிட்டு விரலை மடக்கினாள்.

"ஏழு வந்துரும். அந்தப் பக்கம் எட்டு. இங்க எட்டாவது கை என்னுது. அது எங்க?"

நான் மாவு பாக்கெட்டின் ரப்பரை இறுக்கினேன்.

"உன்னயத்தான் கேக்கறேன். எங்க?"

"தெரியலீங்க."

"தெரியும்" என்றாள். "மாவ வெச்சுட்டுப் போ."

அவளை எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. பிடிக்காமலே அவள் ஜெயித்திருக்க வேண்டும் என்று துஆ கேட்கிறேன். நடந்து முடிந்ததற்கு துஆ கேட்பது உண்டா? பள்ளிவாசல் அசரத்திடம்தான் கேட்க வேண்டும்.

23, திங்கள்

எட்டு, ஏழு.

பேரூராட்சி ஆபீஸ் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் கை தூக்கியது தெரிந்தது. சு.வின் கை மூன்றாவதாக எழுந்தது, வளையல் போட்ட கை. மணி உட்பட ஏழு பேரும் சொன்னபடி எதிர்த்தார்கள். ரா. பொய் சொல்லவில்லை.

எங்கள் வார்டு நாற்காலியில் ரா. உட்கார்ந்திருந்தால் ஏழு, எட்டு. அவ்வளவுதான் விஷயம். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஜமாஅத் செயலாளர் முதல்கொண்டு.

ஜாகிரிடம் நானே போய்ச் சொன்னேன். கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தான். "முப்பத்தொண்ணு வரைக்கும் டைம் இருக்குதில்ல" என்றான். "எல்லாம் என்னாலடா" என்றேன். சொல்லிவிட்டேன் ஒருவழியாக.

"உன்னால மட்டும் இல்லக்கா. எழுபத்திநாலு பேரு" என்றான். கத்தியைத் துடைத்து மாட்டிவிட்டு, "அதுல என்ற ஊட்டுக்காரியும் ஒண்ணு" என்றான்.

எனக்குத் தெரியாது. அவளும் குழாய்க்கு நடப்பவள்தானே.

25, புதன்

குழாய் வந்துவிட்டது.

காலையில் குழி தோண்டினார்கள். மாலை நான்கு மணிக்குத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர். நல்ல வேகம். பிரஷர் இல்லை என்றாளே ரா., எங்கிருந்து வந்தது இந்த வேகம்? எட்டு மாதம் அவள் சொன்னது அத்தனையும் புளுகு. மறுபடி அவள் மேல் கோபம் வந்தது. கோபம் வந்ததில் கொஞ்சம் சந்தோஷம்கூட.

செல்வி குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றினாள். சு. வந்து திறந்துவைத்தாள். தெருவே கை தட்டியது. நான் வீட்டுக்குள் அரிசி களைந்துகொண்டிருந்தேன், அரிசி ஆலை முக்கிலிருந்து தூக்கிவந்த தண்ணீரில்.

கூட்டம் போன பிறகு செல்வி வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "ஏன் வல்ல நீயி?"

"மாலை போடறதுக்கு நான் எதுக்கு?"

"உன்ற பைப்புதானே?"

"என்ற தம்பி கடைய எடுத்துட்டுப் பைப்பு குடுத்திருக்காங்க. நீ பூ சுத்தற."

செல்வி கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். "எனக்குத் தண்ணி வேணும் மும்தாஜு. இடுப்புப் போச்சு எனக்கு. ஜாகிர் கடை போறதுக்கு நான் தண்ணி வேண்டாங்கோணுமா? சொல்லு, வேண்டாம்னா வேண்டாங்கறேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் கேட்டதிலும் தப்பில்லை. இரண்டு பேரும் அழுதோம், தனித்தனியாக, அவரவர் வீட்டில்.

26, வியாழன்

செல்வி பாக்கெட் போட வரவில்லை. நானே போட்டேன். நான்கு பாக்கெட் ஒழுகியது.

அவர் போன். ஹைதராபாத்தில் லோடு ஏற்றக் காத்திருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமோ டீ சொன்னார். பிறகு, "நீ ஜெயிச்சிருந்தா எட்டாவது கை உன்னுதா இருந்திருக்கும்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. ஜெயிப்பதற்கு என்று நான் ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டவில்லை. தோற்கடிக்கத்தான் தட்டினேன்.

27, வெள்ளி

செல்வி வந்தாள். ரப்பர் போட்டாள். நான் டீ வைத்தேன். அவள் குடித்தாள். அதற்கு மேல் இப்போதைக்கு முடியாது இரண்டு பேருக்கும்.

29, ஞாயிறு

ஜாகிர் கடையில் கடைசி ஞாயிறு. கூட்டம் பாதி வீதிவரை. தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் ஒருவர் வீட்டிலிருந்தும் ஆள் வந்து இரண்டு கிலோ வாங்கிப்போனார்கள். ஜாகிர் எடை குறைக்கவில்லை. நானாக இருந்தால் குறைத்திருப்பேன்.

ரா. வந்தாள், காரில் இல்லை, நடந்து. வரிசையில் நின்றாள். ஈரல் கேட்கவில்லை. அரைக் கிலோ கறி வாங்கினாள். ஜாகிர் பழக்கத்தில் ஈரலையும் பொட்டலத்தில் வைக்கப் போனான். "வேண்டாம் கண்ணு" என்றாள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"பைப்பு வந்துருச்சாமா?"

"வந்துருச்சுங்க."

"நல்லா வருதா?"

"நல்லா வருதுங்க."

தலையை ஆட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போனாள். சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இப்படியெல்லாம் எழுத வேண்டி வரும் என்று யார் கண்டார்கள்!

ஜாகிர் அடுத்த வாரம் முதல் நாமக்கல்லில் ஒரு கடையில் கறி வெட்டப் போகிறான். சந்தைத் திடலைப் போய்ப் பார்த்தான். முள்ளும் குப்பையும். கடை வைத்தால் நாய்தான் வரும் என்றான்.

31, செவ்வாய்

கடை காலி. கூண்டுகளை ஆட்டோவில் ஏற்றியாயிற்று. தராசு, கட்டை, போர்டு எல்லாம் அவன் வீட்டு மாடியில். நான்கு மணிக்குள் சாவியை ஆபீஸில் கொடுக்க வேண்டும்.

ஆபீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, ரத்தக் கறை இல்லாமல் கழுவிக் கொடுத்தால்தான் சாவி வாங்குவேன் என்றார். அந்த வரிசைக் கடைகளுக்கு இன்று தண்ணீர் நாள் இல்லை. தொட்டி காலி.

ஜாகிர் என் வாசலில் வந்து நின்றான். "அக்கா, உங்க பைப்புல தண்ணி வருதில்ல? ரெண்டு கொடம் புடிச்சுக் குடு. கழுவி உட்டுட்டு வந்தர்றேன்."

பிடித்தேன். புதுக் குழாயில் நான் பிடித்த முதல் தண்ணீர். அவன் ஒரு குடம், நான் ஒரு குடம், கோயில் வீதி வரை தூக்கிப் போனோம். அவன் ஊற்றினான், நான் விளக்குமாற்றால் தேய்த்தேன். பன்னிரண்டு வருஷத்துக் கறை. இரண்டு குடம் போதவில்லை. மூன்றாவது குடம் பிடிக்கத் திரும்பி வந்தேன்.